செல்லுக்குள் எந்தச் சாயம்? ஒளிரும் தடங்காட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

ஆய்வகத்து உறைபெட்டியைத் திறந்தால் அலுமினியத் தாள் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக நிற்கும். லூசிஃபர் யெல்லோ, கால்சீன் ஏ.எம்., ரோடமின் பிணைத்த டெக்ஸ்ட்ரான், டை-ஐ, சி.எஃப்.எஸ்.ஈ., எஃப்.எம். 1-43. எல்லாமே தடங்காட்டிகள், அதாவது செல்லில் போட்டுவிட்டு எங்கே போகிறது என்று பின்தொடரும் சாயங்கள். எல்லாமே ஒளிரும். உயிருள்ள செல்லில் எல்லாமே வேலை செய்யும் என்றுதான் விற்பனைப் பட்டியலும் சொல்லும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசைக்கு முன்னால் நின்று முதலில் கேட்பது, "இதில் எது நன்றாகப் பளிச்சென்று தெரியும்?" என்பதைத்தான்.

நியாயமான கேள்விதான். ஆனால் பளிச்சென்று தெரிவதை மட்டும் பார்த்துச் சாயம் எடுத்தவர்கள் அழகான படத்தோடும் தவறான முடிவோடும் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி வந்தவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டியது இது: போட்ட இடத்தில் இந்தச் சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் சாயம் எங்கே போகும், எத்தனை நேரம் நிற்கும், எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்ற மூன்றும் கூடவே தெரிந்துவிடும்.

பிடிமானம் எங்கிருந்து வருகிறது

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் சுமக்கும் மூலக்கூறு அதைத் தாண்டாது. லூசிஃபர் யெல்லோவும் கால்சீனும் எதிர்மின்னூட்டம் உள்ளவை. உள்ளே இருந்தால் உள்ளேயே, வெளியே இருந்தால் வெளியேயே. அதனால் இவற்றை உள்ளே அனுப்ப ஒரு வழி செய்ய வேண்டும். லூசிஃபர் யெல்லோவை நுண்ணூசியால் ஏற்றுகிறோம். கால்சீனுக்கு வேதியியலே வழி செய்கிறது. அதன் மின்னூட்டத்தை எஸ்டர் மூடிகளால் மறைத்தால் கிடைப்பது கால்சீன் ஏ.எம். அது ஒளிராது, சத்தமில்லாமல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் மூடியைக் கழற்றியதும் ஒளிர ஆரம்பிக்கும், வெளியே வரவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும். செத்த செல்லில் இந்த நொதிகள் வேலை செய்யாது, சவ்வும் ஓட்டையாகியிருக்கும். உயிருள்ள செல்லை அடையாளம் காட்ட கால்சீனை எல்லோரும் நம்புவதற்கு இதுதான் காரணம்.

டெக்ஸ்ட்ரானைப் பிடித்து வைப்பது அதன் பருமன். சர்க்கரை அலகுகள் கோத்த நீளச் சங்கிலி அது; 3,000 டால்டனிலிருந்து (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) 20 லட்சம் டால்டன் வரை பல அளவுகளில் கிடைக்கிறது, எந்த நிறச் சாயத்தையும் அதில் தொங்கவிடலாம். டை-ஐயின் கதை வேறு. அதற்கு 18 கார்பன் நீளமுள்ள இரண்டு கொழுப்பு வால்கள். அவற்றைச் சவ்வுக்குள் செருகிக்கொண்டு, தண்ணீருக்குத் திரும்பி வர மனமில்லாமல், சவ்வின் பரப்பிலேயே மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும். சி.எஃப்.எஸ்.ஈ. இன்னும் கெட்டி: செல்லுக்குள் நுழைந்து புரதங்களின் அமீன் தொகுதிகளோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும்.

எஃப்.எம். 1-43 பாதிப் பிடிமானம் உள்ளது. சவ்வின் வெளி அடுக்கில் ஒட்டும், உள்ளே புகாது, கழுவினால் போய்விடும். தண்ணீரில் அநேகமாக ஒளிராது, சவ்வில் ஒட்டியதும் ஒளிரும். 1992-இல் பெட்ஸும் பெவிக்கும் தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நரம்பு முனை சுரக்கும்போது குமிழிகள் சவ்வோடு சேர்ந்து சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியில் ஒட்டியதைக் கழுவிவிட்டால் குமிழிகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். மறுபடி சுரக்கத் தூண்டினால் புள்ளிகள் மங்கும். சுரப்பும் மீள்சுழற்சியும் கேள்வி என்றால் இதற்குப் போட்டி கிடையாது. வேறு கேள்வி என்றால் இதைத் தொட வேண்டாம். அதனால் இனி இதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

பக்கத்துச் செல்லோடு தொடர்பு உண்டா?

இங்கேதான் தேர்வு சுவாரசியமாகிறது. மற்ற இடங்களில் சாயம் நகரக் கூடாது என்று வேண்டிக்கொள்வோம். இங்கே அது நகர வேண்டும், ஆனால் ஒரே ஒரு வாசல் வழியாக மட்டும்.

1964-இல் கன்னோவும் லோவன்ஸ்டைனும் டிராசோபிலா ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு செல்லுக்குள் ஃப்ளூரசீன் என்ற பச்சையாக ஒளிரும் சாயத்தைச் செலுத்தினார்கள். சாயம் அந்தச் செல்லோடு நிற்காமல் பக்கத்துச் செல்களுக்குள் பரவியது. செல்களுக்கு நடுவே நேரடி வாய்க்கால் இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்டிய சோதனை அது. அந்த வாய்க்கால்களைத்தான் இன்று கேப் ஜங்ஷன் என்கிறோம். முதுகெலும்புள்ள விலங்குகளில் சுமார் 1,000 டால்டன் வரையுள்ள சிறு மூலக்கூறுகள் அதில் நுழையும், பெரியவை நுழையாது.

ஃப்ளூரசீனின் குறை என்னவென்றால் அது சவ்வு வழியாகவும் கொஞ்சம் கசியும். பக்கத்துச் செல் ஒளிர்ந்தால் வாய்க்கால் வழியாக வந்ததா, வெளியே கசிந்து திரும்ப நுழைந்ததா என்ற சந்தேகம் தீராது. 1978-இல் வால்டர் ஸ்டூவர்ட் லூசிஃபர் யெல்லோவை அறிமுகப்படுத்தியதும் இந்தச் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. சுமார் 450 டால்டன் எடை, அதனால் வாய்க்காலில் போகும். இரண்டு சல்ஃபோனேட் தொகுதிகளின் மின்னூட்டம், அதனால் சவ்வைத் தாண்டாது. அதோடு ஃபார்மால்டிஹைடோடு வினைபுரியும் ஒரு கை. திசுவை ஃபிக்ஸ் செய்த பிறகும், அதாவது ஃபார்மால்டிஹைடால் கெட்டிப்படுத்தி நிலைநிறுத்திய பிறகும், இடத்தைவிட்டு நகராது. சோதனை என்ன கேட்கிறது என்று யோசித்து, அந்தந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தொகுதியாக வைத்துக் கட்டிய மூலக்கூறு அது. இன்றும் அதைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஊசியால் ஏற்றும்போது பார்க்க வேண்டும். ஊசி நுனி சவ்வைக் குத்தியதும் முதலில் ஒன்றும் இருக்காது. எதிர்மின்னோட்டம் கொடுக்கிறோம். நுனியில் ஒரு மஞ்சள்-பச்சைப் புள்ளி, அப்புறம் அது பெருகி செல் உடல் முழுக்க நிறைகிறது. அதிலிருந்து கிளைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருகின்றன. தொடர்பு நன்றாக இருக்கும் திசுவில் சில நிமிடங்களுக்குள் பக்கத்துச் செல் ஒன்று மெல்லத் தெரிய ஆரம்பிக்கும், பிறகு அதற்கடுத்தது. நடுவிலிருந்து வெளியே போகப் போக மங்கலாகும் அந்த வரிசையே நேரான சான்று.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, உப்பு. லூசிஃபர் யெல்லோவின் லித்தியம் உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும், பொட்டாசியம் உப்பு அவ்வளவு கரையாது. வழக்கம்போல ஊசியின் பின்பகுதியைப் பொட்டாசியம் குளோரைடால் நிரப்பினால் நுனியில் சாயம் படிந்து அடைத்துக்கொள்ளும். லித்தியம் குளோரைடு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மின்னோட்டம் போகிறது, சாயம் மட்டும் வரவில்லை என்று பலரும் புலம்புவது இதனால்தான்.

இரண்டாவது பெரியது. குத்தும்போது பக்கத்துச் செல்லையும் கிழித்துவிட்டால் அதற்குள்ளும் சாயம் போகும், தொடர்பு இருப்பதுபோலவே தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: சிவப்பாக ஒளிரும் 10,000 டால்டன் ரோடமின் டெக்ஸ்ட்ரானை லூசிஃபர் யெல்லோவோடு கலந்து ஏற்றுவது. டெக்ஸ்ட்ரான் வாய்க்காலில் நுழையாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து தெரியும் செல் நாம் குத்தியது அல்லது காயப்படுத்தியது. மஞ்சள் மட்டும் தெரியும் செல்லுக்குத்தான் சாயம் வாய்க்கால் வழியாக வந்திருக்கிறது. தனியாகப் போட்டால் இரண்டு சாயமும் அரைகுறை. சேர்த்துப் போட்டால் ஒன்றின் விடையை மற்றது சரிபார்க்கும். கார்பினாக்சலோன் போன்ற ஒரு தடுப்பானைப் போட்டுப் பரவல் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டால் சோதனை முழுமையாகும்.

ஏன் கால்சீன் கூடாது? கூடும். அதன் எடை சுமார் 620 டால்டன், வாய்க்காலில் போகும். ஒற்றைச் செல்லைக் குத்தும் வேலையில்லாமல் ஆயிரக்கணக்கான செல்களில் ஒரே தடவையில் ஏற்றலாம். வளர்ப்புத் தட்டுச் செல்களுக்கு பாராசூட் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு கூட்டத்துக்குக் கால்சீனும் டை-ஐயும் சேர்த்து ஏற்றி, சாயமில்லாத செல்கள் படர்ந்த தட்டின்மேல் தூவிவிடுவார்கள். டை-ஐ சவ்வைவிட்டு நகராது, ஆகவே தூவிய செல் எது என்று கடைசிவரை காட்டும். அதைச் சுற்றி, கால்சீனின் பச்சை மட்டும் உள்ள செல்களை எண்ணினால் போதும். ஒரு மருந்து தொடர்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று கேட்பவருக்கு இதுதான் வசதி. ஊசியால் 10 செல்லைக் குத்துவதற்குள் இங்கே நூற்றுக்கணக்கில் எண்ணிவிடலாம். ஆனால் திசுவுக்குள் குறிப்பிட்ட இந்த நரம்பணு, குறிப்பிட்ட அந்த நரம்பணுவோடு இணைந்திருக்கிறதா என்ற கேள்விக்குக் கால்சீன் உதவாது. அங்கே ஊசிதான்.

பரவவில்லை என்றால் தொடர்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1991-இல் டேவிட் வேனி முயலின் விழித்திரையில் இதைக் காட்டினார்: லூசிஃபர் யெல்லோ தாண்டாத இணைப்புகளை, அதைவிடச் சிறியதும் நேர்மின்னூட்டம் உள்ளதுமான நியூரோபயோட்டின் தாண்டியது. வாய்க்காலுக்கு அளவு மட்டுமல்ல, மின்னூட்டத்திலும் விருப்பு வெறுப்பு உண்டு. நியூரோபயோட்டின் தானாக ஒளிராது, ஃபிக்ஸ் செய்த பிறகு அதோடு ஒட்டும் ஒளிரும் ஸ்ட்ரெப்டவிடின் புரதத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது பரவுவதைப் பார்க்கும் சுகம் போய்விடும். இருந்தாலும் "இல்லை" என்ற விடையை வெளியிடும் முன் இதையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நரம்பு இழை எங்கே போகிறது?

வழித்தடம் கண்டுபிடிப்பதில் டை-ஐக்கும் டெக்ஸ்ட்ரானுக்கும்தான் போட்டி.

டை-ஐயை 1986-இல் ஹோனிக்கும் ஹியூமும் உயிருள்ள நரம்பணுக்களில் பயன்படுத்திக் காட்டினார்கள். சாயம் ஏறிய செல்கள் வளர்ப்பில் வாரக்கணக்கில் நலமாக இருந்தன. அடுத்த ஆண்டே இன்னொன்று தெரிய வந்தது: ஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்த திசுவிலும் டை-ஐ சவ்வு வழியே வழுக்கிக்கொண்டு போகும். செல் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சவ்வு அறுபடாமல் இருந்தால் போதும். கருவிலும், உயிரோடு ஊசி போட முடியாத திசுவிலும் இழைகளைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஒரு சின்னப் படிகத்தை ஊசி நுனியில் எடுத்து வேண்டிய இடத்தில் குத்தி வைத்துவிட்டு, 37 டிகிரியில் மூடிக் காத்திருக்க வேண்டும். நாட்கள், தூரம் அதிகமானால் வாரங்கள், மாதங்கள்கூட. பிறகு வெட்டிப் பார்த்தால் கருமையான பின்னணியில் ஆரஞ்சு நிறத்தில், முடியைவிட மெல்லிய இழைகள் நுனிவரை தெரியும்.

ஆனால் இதன் பிடிமானம் கொழுப்பில். கொழுப்பை எது கரைக்கிறதோ அது டை-ஐயையும் கரைக்கும். குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி போடுவதற்காக டிரைட்டன் என்ற சோப்பு ஊற்றிச் சவ்வைத் துளைத்தால் சாயம் போயிற்று. மெத்தனாலும் அப்படியே. படம் எடுத்த அன்று கோடு கோடாகத் தெரிந்த இழை, மறுநாள் பார்த்தால் கலங்கல் மூட்டமாகிக் கிடக்கும். ஆன்டிபாடியும் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் சி.எம். டை-ஐ என்ற வகையை எடுங்கள். அதில் புரதத்தின் தயால் தொகுதியோடு பிணையும் ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள், ஓரளவு தாங்கும்.

உயிருள்ள திசு, தூரம் அதிகம், பிறகு ஆன்டிபாடியும் போட வேண்டும் என்றால் நான் டெக்ஸ்ட்ரான் பக்கம்தான் சாய்வேன். அறுபட்ட ஆக்ஸான் (நரம்பு இழை) முனை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், செல் தன் போக்குவரத்தால் கொண்டுபோகும், டை-ஐ வழுக்குவதைவிட வேகமாகவும் போகும். வாங்கும்போது லைசின் சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்; லைசின் இருந்தால்தான் ஃபார்மால்டிஹைட் அதைத் திசுவோடு கட்டிப்போடும். லைசின் இல்லாத டெக்ஸ்ட்ரானை ஏற்றிவிட்டு ஃபிக்ஸ் செய்து கழுவினால் கழுவிய தண்ணீரோடு பெரும்பாலும் போய்விடும்.

டெக்ஸ்ட்ரானைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: ஊடகத்தில் கலந்துவிட்டால் செல்லுக்குள் போய்விடும் என்று. போகும்தான், ஆனால் செல் அதை விழுங்கும். விழுங்கியது சிறு பைகளில் புள்ளி புள்ளியாக நிற்கும், சைட்டோபிளாசத்தில் கலக்காது. சைட்டோபிளாசத்தில் வேண்டும் என்றால் ஊசி அல்லது மின்துளைப்பு (மின்துடிப்பால் சவ்வில் கொஞ்ச நேரத்துக்குத் துளை போடுவது). சரியாக ஏறியதா என்று பார்க்க எளிய அடையாளம் உண்டு. 10,000 டால்டன் டெக்ஸ்ட்ரான் உட்கருவுக்குள்ளும் போகும், செல் முழுக்க ஒரே சீராகத் தெரியும். 70,000 டால்டன் உட்கருத் துளைகளில் நுழையாது. ஒளிரும் செல்லின் நடுவே உட்கரு ஒரு கறுப்புக் கிணறுபோலத் தெரியும்.

செல்லையும் அதன் வாரிசுகளையும் பின்தொடர்வது

கரு வளர்ச்சியில், ஆரம்பத்தில் இந்தச் செல் பிறகு எந்த உறுப்பாகிறது என்று கேட்பவர்கள் 1980-களின் நடுவிலிருந்தே டெக்ஸ்ட்ரானை நம்பி வந்திருக்கிறார்கள். காரணம் நேரானது: கருவின் செல்களுக்கு நடுவே வாய்க்கால்கள் ஏராளம். சிறிய சாயம் போட்டால் பக்கத்துக்கும் பரவி, வாரிசல்லாதவையும் வாரிசுபோலத் தெரியும். டெக்ஸ்ட்ரான் வாரிசுகளுக்கு மட்டும் பங்கு பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் அளவு பாதியாவதால் வேகமாக வளரும் கருவில் சில நாட்களில் மங்கிவிடும் என்பதுதான் எல்லை.

அதே பாதியாகும் குணத்தை அளவுகோலாக மாற்றியது சி.எஃப்.எஸ்.ஈ. 1994-இல் லயன்ஸும் பாரிஷும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் அதைப் போட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒளி பாதியாவதை, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் தனித்தனிச் சிகரங்களாகக் காட்டினார்கள். ஏழெட்டுப் பிரிவுவரை எண்ணலாம். அதற்குமேல் செல்லின் சொந்த ஒளிர்வோடு கலந்துவிடும். ஏற்றியபின் முதல் நாளில் பிரிவே இல்லாமலும் ஒளி கணிசமாகக் குறையும், குறுகிய ஆயுள் புரதங்களோடு பிணைந்த சாயம் அவற்றோடு சேர்ந்து வெளியேறுவதால். ஆகவே தொடக்க அளவை மறுநாள் எடுங்கள், அன்றே எடுக்காதீர்கள். அளவு கூடினால் செல்லுக்கு நஞ்சு. செல்லின் புரதங்களோடுதானே பிணைகிறது?

செல்லைச் சாயமேற்றி விலங்குக்குள் வைத்துப் பின்தொடர்வதற்கு டை-ஐ குடும்பத்தைப் பலர் எடுப்பார்கள். மலிவும் எளிதும்தான். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. வைத்த செல் இறந்தால் சாயம் இறக்காது. இறந்த செல்லை விழுங்கிய மேக்ரோஃபேஜ் சாயத்தையும் வாங்கிக்கொண்டு, உயிரோடு நடமாடும் செல்லாகத் திசுவில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நாம் வைத்த செல்கள் பிழைத்து இடம் மாறிவிட்டன என்று மகிழ்ந்து எழுதிவிடுவோம். மேக்ரோஃபேஜைக் காட்டும் ஆன்டிபாடியும் சேர்த்துப் பார்க்காத டை-ஐ முடிவை நான் ஏற்பதில்லை.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்றால் சாயத்தை விட்டுவிட்டு மரபணு வழிக்குப் போவதே சரி. 1994-இல் சால்ஃபி குழு புழுவிலும் பாக்டீரியாவிலும் பச்சை ஒளிர்புரதத்தைச் செல்லே தயாரிக்கும்படி செய்த பிறகு அந்த வழி திறந்தே கிடக்கிறது. செல் பிரிந்தாலும் ஒளி குறையாது, புதிதாகச் செய்துகொள்ளும். அதற்கு விலை காலம்: செல் வரிசையோ விலங்கோ உருவாக வாரங்கள், மாதங்கள். சாயம் அரை மணி நேரத்தில் தயார். இன்று மாலைக்குள் விடை வேண்டும், மரபணு மாற்ற முடியாத திசு என்ற இரண்டு நிலைமைகளில் சாயத்துக்கு இன்னும் மாற்று வரவில்லை.

தடுப்பு கசிகிறதா?

தடங்காட்டிச் சாயம் பிறந்ததே கசிவுக் கேள்வியில்தான் என்று சொல்லலாம். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃப்ளூரசீனைத் தயாரித்தார். 1877-இல் டான்யூப் ஆறு நிலத்துக்குள் மறையும் இடத்தில் அதன் 10 கிலோவைக் கரைத்துவிட்டார்கள். சுமார் 60 மணி நேரத்தில் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் ஊற்றில் பச்சைத் தண்ணீர் வந்தது. 1882-இல் பால் எர்லிக் அதே சாயத்தைக் கொண்டு கண்ணுக்குள் நீர் சுரக்கும் வழியைத் தேடினார். ஆற்றுக்கும் கண்ணுக்கும் ஒரே தர்க்கம்: ஒரு பக்கம் விடு, மறுபக்கம் பார்.

இரத்தநாளம், குடல், மூளைத் தடுப்பு எதுவானாலும் இங்கே ஒரே சாயத்தோடு நிற்காதீர்கள். ஃப்ளூரசீன் 400 டால்டனுக்கும் கீழே; சின்ன இடுக்கிலும் போகும். 70,000 டால்டன் டெக்ஸ்ட்ரான் ஏறக்குறைய ஆல்புமின் புரதத்தின் எடை. பெரிய ஓட்டை இருந்தால்தான் போகும். இரண்டும் தாண்டினால் தடுப்பு கிழிந்திருக்கிறது. சின்னது மட்டும் தாண்டினால் செல்களின் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய முறையில் எவன்ஸ் புளூ போடுவார்கள். அது இரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்வதால் நாம் உண்மையில் அளப்பது ஆல்புமின் கசிவை. சாயத்தின் சொந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

என் தவறு இங்கேதான். செல் அடுக்கு ஒன்றின் கசிவை அளக்க 70,000 டால்டன் ஃப்ளூரசீன் டெக்ஸ்ட்ரான் போட்டேன். மறுபக்கம் நன்றாகப் பச்சை வந்தது. மருந்து போட்ட தட்டில் இன்னும் அதிகம். பெரிய மூலக்கூறே தாண்டுகிறது, தடுப்பு உடைந்துவிட்டது என்று ஒரு மாதம் அதே வழியில் போனேன். சந்தேகம் வந்தபோது குப்பியிலிருந்த கரைசலையே, பெரிய மூலக்கூறை முதலில் இறக்கும் ஒரு சிறு ஜெல் குழாய் வழியாக ஓட்டிப் பார்த்தேன். முதலில் டெக்ஸ்ட்ரான் பட்டை இறங்கியது. அதன் பின்னால், நன்றாகத் தள்ளி, மெல்லிய பச்சையாக இன்னொரு பட்டை: சங்கிலியைவிட்டுக் கழன்ற தனிச் சாயம். தட்டின் மறுபக்கம் எடுத்த நீரை ஓட்டினால் அதில் பின்பட்டை மட்டுமே இருந்தது. தாண்டியது முழுக்கக் கழன்ற சாயம்தான், டெக்ஸ்ட்ரான் ஒரு துளியும் போகவில்லை. மருந்து செய்தது இணைப்பைத் தளர்த்தியது மட்டுமே. அந்த நாளுக்குப் பிறகு டெக்ஸ்ட்ரானைக் குழாயில் ஓட்டிச் சுத்தம் செய்யாமல் கசிவுச் சோதனைக்கு எடுத்ததில்லை.

ஃப்ளூரசீனுக்கு இன்னொரு குணமும் உண்டு: அமிலத்தில் மங்கும். செல் விழுங்கிய ஃப்ளூரசீன் டெக்ஸ்ட்ரான் அமிலம் நிறைந்த லைசோசோம் என்ற செரிமானப் பையில் போய்ச் சேர்ந்ததும் ஒளி குறையும். எவ்வளவு விழுங்கியது என்று அளப்பவருக்கு இது கேடு, அவர் ரோடமின் எடுக்க வேண்டும். இதே குறையை வைத்துத்தான் 1978-இல் ஓகுமாவும் பூலும் உயிருள்ள செல்லின் லைசோசோமில் அமிலத்தன்மையை அளந்தார்கள்.

வெளிச்சமும் ஒரு மருந்துதான்

நிறத்தேர்வைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கடைசியில்தான் வர வேண்டும் என்பது. ஆனாலும் அலட்சியம் கூடாது. 1979-இல் மில்லரும் செல்வர்ஸ்டனும் லாப்ஸ்டரின் ஒற்றை நரம்பணுவில் லூசிஃபர் யெல்லோவை நிரப்பி, நீல ஒளியைப் பாய்ச்சி, அந்த ஒரு செல்லை மட்டும் கொன்றார்கள். வேண்டுமென்றே செய்தார்கள், அருமையான முறை. படம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் அதையே தெரியாமல் செய்துவிடலாம். ஒளி வாங்கிய சாயம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நச்சு மூலக்கூறுகளை உண்டாக்கும். குறைந்த வெளிச்சம், குறைந்த நேரம், தேவையானபோது மட்டும் ஷட்டர் என்பதே பாதுகாப்பு.

நீலத்தால் தூண்டிப் பச்சையில் பார்த்தால் திசுவின் சொந்த ஒளிர்வும் கூடவே வரும். ஃபிளேவின்கள் அங்கேதான் ஒளிர்கின்றன. தாவர இலை என்றால் சிவப்பில் பச்சையம் தொல்லை தரும். தடித்த விலங்குத் திசுவில் டை-ஐ குடும்பத்தில் அகச்சிவப்பை ஒட்டிய டை-டி, டை-ஆர் எடுத்தால் பின்னணி அமைதியாக இருக்கும், ஆழமும் கிடைக்கும். சாதாரண கன்ஃபோகல் நுண்ணோக்கியில் 100 மைக்ரோமீட்டர் ஆழத்தில் மூச்சு வாங்கும். 1990-இல் வந்த இரு-ஃபோட்டான் முறையில் சில நூறு மைக்ரோமீட்டர் தாராளமாகப் போகலாம்.

கால்சீன் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு. சீரம் கலந்த ஊடகத்தில் ஏ.எம். வடிவத்தைப் போட்டால் வெளியிலேயே மூடி கழன்று பின்னணி எரியும், செல் மங்கும். சீரத்தைக் கழுவிவிட்டு ஏற்றுங்கள். மருந்தை எதிர்க்கும் புற்றுச் செல்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் கால்சீன் ஏ.எம்.ஐ நுழையும்போதே வெளியே தள்ளும். அத்தகைய செல் மங்கலாக இருந்தால் செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

எனக்கு இரண்டு குப்பிக்குத்தான் இடம் என்றால்

உறைபெட்டியில் இரண்டே குப்பி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், லைசின் சேர்த்த 10,000 டால்டன் ரோடமின் டெக்ஸ்ட்ரானும் லூசிஃபர் யெல்லோவும் வைப்பேன். ஒன்று நகராதது, ஒன்று ஒரே வாசல் வழியாக நகர்வது. இரண்டும் ஃபிக்ஸ் தாங்கும். வாரிசு, வழித்தடம், தொடர்பு என்று பெரும்பாலான கேள்விகள் இந்த இரண்டுக்குள் அடங்கும். உங்கள் வேலை முழுக்க வளர்ப்புத் தட்டில்தான் என்றால் ஊசி பிடிக்க நேரம் செலவழிக்காமல் கால்சீன் ஏ.எம்.மையும் டை-ஐயையும் எடுங்கள்; ஆனால் கால்சீன் ஃபிக்ஸுக்குப் பிறகு நிற்காது, ஏற்றிய சில மணி நேரத்துக்குள் படத்தை எடுத்துவிட வேண்டும்.

எதை எடுத்தாலும் முதல் நாள் நான்கு தட்டு தனியாக வையுங்கள்: சாயமே இல்லாத திசு, சாயம் போட்டும் வெளிச்சம் படாத திசு, சாயமில்லாமல் வெளிச்சம் மட்டும் பட்ட திசு, கொன்றபின் சாயம் போட்ட திசு. நான்காவது தட்டு உயிருள்ள திசுவைப் போலவே ஒளிர்ந்தால் சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது நீங்கள் நினைத்தது அல்ல. டை-ஐ மட்டும் இதற்கு விலக்கு. அது செத்த சவ்விலும் அப்படியேதான் ஒட்டும்.